கச்சான் மெசினும் பச்சைமிளகாயும்

இன்று காலை அலுமாரியில் இருந்து அந்தப் பச்சைச் சாறியை எடுத்து உதறினேன். மடிப்புக்குள் இருந்து கச்சான் கோதுத் துகள் கொஞ்சம் சிமெந்து நிலத்தில் கொட்டியது. இரண்டு தரம் தோய்த்து, அயன் பண்ணி மடித்து வைத்த சாறி. இன்னும் எந்த மூலையில் ஒளிந்திருந்ததோ தெரியவில்லை. விரலால் தொட்டெடுத்து மணந்து பார்த்தேன். வறுக்காத நிலக்கடலைக்கு இருக்கிற அந்த மண் மணம். உன்னோடு கதைத்துக் கனநாளாகிவிட்டது என்று பட்டது. அதுதான் பின்னேரம் வேலை முடிந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இந்தச் சாறியைக் கட்டிக்கொண்டுதான் கொழும்புக்குப் போனேன். அதை நீ பார்க்கவில்லை. ஆகவே முதலில் இருந்து சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து. நீ பக்கத்தில் இருந்தால் "அது அப்பிடியில்லை" என்று வரிக்கு வரி இடையில் விழுவாய். இன்றைக்கு அந்தத் தொல்லை இல்லாமல் சொல்லி முடிக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் உன் சைக்கிள் கடையில்தான் அந்த நிகழ்ச்சியைப் பார்ப்போம். தொங்குகிற ரயர்களுக்கு நடுவே சின்னத் தொலைக்காட்சி. தொழில் தொடங்க நினைக்கிறவர்கள் வந்து நின்று தங்கள் யோசனையைச் சொல்வார்கள். எதிரே நாலு கதிரைகளில் காசுள்ள நாலு பேர். பிடித்தால் முதல் போடுவார்கள், பதிலுக்குத் தொழிலில் பங்கு கேட்பார்கள். பிடிக்காவிட்டால் முகத்துக்கு நேரே சொல்லி அனுப்புவார்கள். எனக்கு அது பார்க்கப் பாவமாக இருக்கும். நீயோ கிறீஸ் கையோடு முழந்தாளில் தட்டித் தட்டி ரசிப்பாய். நாலு பேரில் இருவருக்குப் பட்டப்பெயரும் வைத்திருந்தாய். எல்லோருக்கும் உருகுகிற வெள்ளைத் தலை ஹோட்டல் முதலாளி "கருணை ஐயா". விவசாயக் கருவிகள் விற்கிற, ஒருநாளும் சிரிக்காத அந்தக் கண்ணாடி போட்ட அம்மா "பச்சைமிளகாய்".

அவர் கேள்வி கேட்டே ஆட்களை அழவைக்கிறார் என்று நான் ஒருநாள் திட்டினேன். நீ ரியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டே சொன்னாய்.

"கேள்வி கேக்கிறவாதான் மதிக்கிறா. பங்கு கேக்கிற ஆள் நாளைக்கும் வரும். சும்மா தாற ஆள் படம் எடுத்துக்கொண்டு போயிடும்."

அது உனக்கு நன்றாகவே தெரிந்த விசயம். கால் போனபிறகு உன்னைப் படம் எடுக்க எத்தனை வாகனங்கள் வந்தன. பொய்க்காலில் நீ கடை முழுக்க ஓடித் திரிகிறாய், அவர்கள் கொண்டுவந்து இறக்கியது சக்கர நாற்காலி. அதில் உட்காரவைத்துப் படமும் எடுத்தார்கள். அவர்களின் வாகனம் சந்தி திரும்பியதும் நீ அதன் சில்லுகளைக் கழற்றித் தண்ணீர்க் கான் கொண்டுபோகிற வண்டி செய்தாய். அந்த வண்டி இன்றும் ஓடுகிறது.

மெசின் வந்த கதையையும் சொல்லவேண்டும். நாங்கள் ஆறு பேர் வியாபாரியிடம் மூட்டைக் கணக்கில் கச்சான் எடுத்துக் கையால் உடைத்துக்கொண்டிருந்த காலம். பெருவிரல் நகம் பிய்ந்து துணி சுற்றிக்கொண்டு நான் உன்னிடம் சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்தேன். "விரலுக்கு என்ன?" என்றாய். சொன்னேன். அடுத்த மாதம் என்னைக் கூப்பிட்டு அந்த அதிசயத்தைக் காட்டினாய். பழைய தையல் மெசினின் பெடல், அதற்கு மேலே ஒரு உருளை, உருளையைச் சுற்றி வெட்டி ஒட்டிய சைக்கிள் ரயர்த் துண்டுகள், கீழே ஒரு சல்லடை. மேலே கச்சானைக் கொட்டி மிதித்தால் கோது நொறுங்கி ஒரு பக்கம் பறந்தது, பருப்பு உடையாமல் மறுபக்கம் விழுந்தது. விதைக்குக்கூட வைக்கலாம், அவ்வளவு முழுசு. உன்னிடம் ஒரு கால் இருந்தபடியால் ஒரு காலால் மிதிக்கிற மாதிரிச் செய்திருந்தாய். நான் அதை மற்றவர்களுக்கு உருக்கமாகச் சொல்ல வெளிக்கிட்டபோது என் வாயை அடைத்தாய்.

"என்ர காலுக்காகச் செய்தது எண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. ஒரு காலால மிதிச்சால் மற்றக் காலை நிலத்தில ஊண்டலாம், ரெண்டு கையும் வேலைக்கு வரும் எண்டு சொல்லு. அதுவும் உண்மைதானே."

மூன்று மெசின் செய்தோம். ஆறு பேரும் வியாபாரியை விட்டு உன் பின்னால் வந்தோம். மெசின் செய்து விற்பது என்று யோசனை, ஆனால் அதற்கு மேல் இரும்பு வாங்கவும் ஒட்டவும் முதல் இல்லை. முதல் கிடைக்காவிட்டால் ஆறு பேரும் திரும்பவும் நகத்தால் உடைக்கப் போகவேண்டியதுதான். நீதான் நிகழ்ச்சிக்கு விண்ணப்பம் போட்டாய். என்னையே பேசச் சொன்னாய். உன் காலைக் கண்டால் மெசினைப் பார்க்கமாட்டார்கள் என்றாய்.

ஒத்திகை ஞாபகம் இருக்கிறதா? ஒரு கதிரை, இரண்டு ரயர், ஒரு பழுதான தண்ணீர்ப் பம்பு. அவைதான் நாலு முதலாளிகள். நீ கதிரையில் பச்சைமிளகாயாக உட்கார்ந்து "சொல்லுங்க" என்றாய். நான் தொடங்கினேன். என் மனுசன் காணாமல் போனதில் தொடங்கி, எத்தனை இடம் இடம்பெயர்ந்தோம், முகாமில் எத்தனை மாதம், பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒரு மூச்சில் சொல்லி முடித்து நிமிர்ந்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டிருந்தாய்.

"அடியே, இது நிவாரண லைன் இல்லை. மெசின் எங்கை?"

வெட்கமாகப் போய்விட்டது. உண்மைதான். எத்தனை வருடமாகப் படிவம் நிரப்பியே பழகிவிட்டோம். ஆள் வாகனத்தில் வந்து இறங்கினால் எங்கள் வாய் தானாக இழப்பில் இருந்துதான் தொடங்கும், தபாற்கந்தோரில் முத்திரை வாங்கப் போனாலும் அதைச் சொல்லிவிடுவோம்போல. நீ என்னை இருபது தடவையாவது திருப்பித் திருப்பிச் சொல்லவைத்தாய். கடைசியில் முதல் வசனமே "இது கச்சான் உடைக்கிற மெசின்" என்று வந்தது.

பிறகு உன் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டது. வவுனியாவுக்குக் கிளினிக் போய்வந்த பேருந்திலும் நீ சல்லடைக் கணக்குத்தான் கதைத்தாய். உன் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த அடுத்த கிழமை தொலைபேசி வந்தது. தெரிவாகிவிட்டோம், கொழும்புக்கு வரவேண்டும் என்றார்கள். போகமாட்டேன் என்றுதான் முதலில் சொன்னேன். பிறகு மூன்றில் நடுவில் நின்ற மெசினைப் பார்த்தேன். நீ பாதி செய்து வைத்துவிட்டுப்போன இரண்டாவது சல்லடை அதன் மேலே கிடந்தது. ஒரு கிழமையாக இருந்து அதை முடித்தேன். மெசினையும் இரண்டு சல்லடையையும் எடுத்துக்கொண்டு லொறியில் ஏறினேன்.

தொலைக்காட்சியில் கோயில் மண்டபம்போலத் தெரிகிற கலையகம் நேரில் எங்கள் சனசமூக நிலையம் அளவுதான் இருந்தது. உள்ளே போகமுதல், நிகழ்ச்சி செய்கிற பிள்ளை ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, யுத்தத்தைப் பற்றியும் எங்கள் கஷ்டங்களைப் பற்றியும் கொஞ்சம் உருக்கமாகச் சொன்னால் நன்றாக வரும் என்று கேட்டாள். நல்ல பிள்ளைதான். நான் தலையை எல்லாப் பக்கமும் ஆட்டிவைத்தேன்.

"இது கச்சான் உடைக்கிற மெசின்" என்று தொடங்கினேன். கொட்டினேன், மிதித்தேன், பருப்பு விழுந்தது. ஆனால் ஒன்றை நீயும் நானும் யோசிக்கவில்லை. எங்கள் கொட்டிலில் காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்போம், முன்னால் ஒருவரும் இருக்கமாட்டார்கள். அங்கேயும் ஏசிக் காற்று என் முதுகுப்பக்கம் இருந்துதான் அடித்தது, ஆனால் முன்னால் நாலு முதலாளிகள். கோது முழுக்கப் பறந்துபோய்க் கருணை ஐயாவின் கறுப்புக் கோட்டில் இறங்கியது. அவருடைய தண்ணீர்க் கிளாசிலும்தான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதில் எனக்கு இருந்த கொஞ்சப் பயமும் போய்விட்டது.

கோட்டைத் தட்டிக்கொண்டே அவர் அன்பாகத்தான் கேட்டார், இதை யார் செய்தது என்று. என் கூட்டாளி, அவள் செத்து ரெண்டு மாதம் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ஆனால் கண் கேட்கவில்லை. நிரம்பிவிட்டது. துடைக்கத் துடைக்க வந்தது. மன்னித்துக்கொள், அதற்கு நாங்கள் ஒத்திகை பார்க்கவில்லை.

அவருக்கும் கண் கலங்கியது. "அம்மா, நீங்க கேட்ட காசை நான் உதவியாவே தாரேன். பங்கு ஒன்னும் வேணாம்" என்றார். கமராவுக்குப் பின்னால் நின்றவர்கள் கை தட்டினார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், "நன்றி ஐயா" என்பது என் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. கேட்ட காசு முழுதும். இரும்பு, இரும்பு ஒட்டுகிற வெல்டிங் மெசின், கூரை எல்லாமே. வாங்கிக்கொண்டு வந்திருந்தால் ஊரில் ஒருவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் அவர் இன்னும் மெசினைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். விழுந்த பருப்பில் ஒன்றைக்கூட அவர் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. அது எனக்குச் சுட்டது.

"உதவி கனக்க வாங்கிட்டம் ஐயா. நன்றியும் கனக்கச் சொல்லிட்டம். இண்டைக்கு நான் அதுக்கு வரேல்லை. மெசின் நல்லாயிருந்தால் பங்கு எடுங்கோ. நல்லாயில்லாட்டில் என்ன பிழை எண்டு சொல்லுங்கோ."

கைதட்டல் நின்றுவிட்டது. நான் காரியத்தைக் கெடுத்துப்போட்டேன் என்றே நினைத்தேன். அப்போதுதான் பச்சைமிளகாய் அசைந்தார். அதுவரை, நான் அள்ளிக் கொடுத்த பருப்பைத் தட்டில் வைத்து உடைந்ததை ஒரு பக்கமும் முழுசை ஒரு பக்கமுமாகப் பிரித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"பிழை இருக்கு" என்றார். "பெரிய கச்சான் நல்லா வருது. சின்னது உடையாம கோதோடயே விழுது. இதுக்கு என்ன செய்றது?"

எனக்கு அந்த மனிசியைக் கட்டிப்பிடிக்கவேண்டும்போல இருந்தது. நீ பேருந்தில் கதைத்துக்கொண்டு வந்த அதே கேள்வி! சல்லடை மாற்றவேண்டும், பத்து நிமிடம் தாருங்கள் என்றேன். செய்யுங்கள் பார்ப்போம் என்றார். சாறியை இழுத்துச் செருகிக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்தேன். பையில் இருந்து ஸ்பனரை எடுத்தேன். ஒரு நட்டு இறுகிக் கிடந்தது. உன்னைப்போல உள்ளங்கையால் ஒரு குத்துவிட்டேன், கழன்றது. உன் இரண்டாவது சல்லடையைப் பூட்டி, சின்னக் கச்சானைக் கொட்டி மிதித்தேன். அவர் கதிரையை விட்டு எழும்பி வந்து, குதிக்காலில் குந்தி, விழுகிற பருப்பைக் கையில் ஏந்தினார். பிறகு நிமிர்ந்து, ஏன் ஒரே பெடல் என்று கேட்டார்.

நீ சொல்லித்தந்தபடியே சொன்னேன். மற்றக் காலை ஊன்றலாம், இரண்டு கையும் வேலைக்கு வரும். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. அவர் தானே முன்னால் நின்று மிதித்துப் பார்த்து, சரிதான் என்றார்.

முப்பது வீதம் பங்கு கேட்டார். நான் இருபது என்றேன். பேரம் இருபத்தைந்தில் நின்றது. கருணை ஐயா எழும்பிவந்து என் கையைக் குலுக்கினார். அவரில் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

ஒளிபரப்பான அன்று எங்கள் ஊர் உடையார்கட்டில் பாதிப்பேர் உன் கடை வாசலில்தான் நின்றார்கள். நான் அழுத இடத்தில் அவர்கள் வயலின் போட்டு மெதுவாக ஓடவிட்டிருந்தார்கள். என் மகளுக்கு அதில் கொதி. ஆனால் சாறியைச் செருகிக்கொண்டு ஸ்பனரை எடுத்த இடத்தில் எழும்பிய விசில் இருக்கிறதே, அது சந்தி வரைக்கும் கேட்டிருக்கும்.

இப்போது நாங்கள் பதினொரு பேர். மெசின் வவுனியாவுக்கும் மன்னாருக்கும் போகிறது. இன்று பச்சைமிளகாய் முதல் தடவையாக வேலைத்தலம் பார்க்க வந்தார். அதற்காகத்தான் அந்தச் சாறியைக் கட்டினேன். சோடா உடைத்து வைத்தோம், தொடவில்லை. நேரே போய் வரிசையாக நின்ற மெசின்களுக்குப் பக்கத்தில் குந்தினார். அரை மணித்தியாலத்தில் ஐந்து பிழை கண்டுபிடித்தார். போன மாதம் அனுப்பியதில் ஒன்றின் பெடல் கழன்றுவிட்டதாம்.

"வாங்கினவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? இப்படி ஒட்டினா இது வேலையா? உங்ககிட்ட இதை நான் எதிர்பார்க்கல" என்று பதினொரு பேரையும் நிறுத்திவைத்து ஏசினார். பிழைதான் என்றேன். அடுத்த மாதம் திரும்பவும் வருவேன், அப்போதும் இப்படி இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு வாகனத்தில் ஏறினார்.

வாகனம் சந்தி திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு எங்களில் மூத்தவள் வாயைப் பொத்திக்கொண்டு, "நல்ல ஏச்சு வாங்கிட்டமடி" என்றாள். அவ்வளவுதான். ஒருத்தி சிரிக்கத் தொடங்க, பதினொரு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். எனக்குக் கண்ணீரும் வந்தது. இந்தமுறை அதைத் துடைக்கவில்லை.

எத்தனை வாகனம் வந்து போன ஊர் இது. வந்தவர்கள் எல்லோரும் தோளில் தட்டினார்கள். நாங்கள் என்ன செய்து காட்டினாலும், கோணலாகத் தைத்த பையைக்கூட, அருமை அருமை என்றார்கள். அத்தனை வருடத்தில் ஒருவர்கூட எங்களை ஏசவில்லை. இன்று இவர் ஏசிவிட்டார், நேருக்கு நேர், பங்காளியை ஏசுகிற மாதிரி. அந்த ஏச்சை அப்படியே நெஞ்சில் வைத்துக்கொண்டிருக்கிறேன். ஐந்து பிழையையும் திருத்தும்வரை அதை இறக்கிவைக்கிற எண்ணம் இல்லை.

நீ மட்டும் கேட்டிருந்தால் ஒற்றைக் காலில் துள்ளியிருப்பாய்.