விழுந்தவரைத் தொடக் கூடாது

வால்ட்ரெஸ், நார்வே
மார்ச், திங்கட்கிழமை

அன்புள்ள மகள் சுன்னிவாவுக்கு அம்மா எழுதுவது. நியூசிலாந்தில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, ஆனால் சனிக்கிழமை பட்ட அதிர்ச்சியில் எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. ஈஸ்டருக்கு நீ வந்ததும் அப்பாவைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்று போனில் பேசி வைத்தோமே, அந்த மனிதர் செய்த காரியத்தைக் கேள். நம் ஊர்ச் சரிவில் மாற்றுத்திறனாளிகளுக்கு வருடா வருடம் நடக்கும் பனிச்சறுக்குப் போட்டியில் இந்தத் தடவையும் வாஃபிள் சுடும் வேலை என் தலையில்தான் விழுந்தது. கடைசித் திருப்பத்தை ஒட்டி மேசை. பார்வையில்லாதவர்கள் முன்னால் போகிறவரின் குரலைப் பிடித்துக்கொண்டு வந்து முடித்தார்கள், அடுத்து உட்கார்ந்து ஓட்டுகிறவர்கள் என்று ஒலிபெருக்கியில் பெயர் வாசிக்கிறான், பார்த்தால் உன் அப்பா பெயர்! கரண்டி மாவுக்குள்ளேயே விழுந்துவிட்டது. மரம் வெட்டப் போன இடத்தில் இடுப்பு ஒடிந்து கால் விளங்காமல் போனதிலிருந்து நான் தூக்கி உட்கார வைத்தால்தான் உட்காருகிறவர், காலுறை மாட்டிவிடுவதும் நான்தான். செவ்வாய்தோறும் பக்கத்து வீட்டு ஓட்வார் சிகிச்சைக்குக் கூட்டிப் போகிறான் என்று நானும் சூப்பு ஊற்றிக் கொடுத்தனுப்பினேன், இரண்டு பேரும் கமுக்கமாகப் பனிச்சறுக்குப் பழகவல்லவா போயிருக்கிறார்கள். ஓட்வாரைப் பிடித்து உலுக்கினால், "குன்வோர், உன்னிடம் சொன்னால் அவனைப் போர்வையில் சுற்றி மூலையில் வைத்துவிடுவாயே" என்று சிரிக்கிறான் படுபாவி.

அதற்குள் அப்பா வந்துவிட்டார். சறுக்குப்பலகை மேல் கட்டிய இருக்கையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் குச்சி ஊன்றி, முகமெல்லாம் செக்கச்செவேல் என்று. திருப்பத்தில் ஒரேயடியாகச் சாய்ந்தார், என் மேசைக்கு நேர் எதிரே கவிழ்ந்தார், முகம் பனிக்குள். எனக்கு உயிரே போய்விட்டது. ஓடிப்போய்க் கையை நீட்டிவிட்டேன். அப்பா தலையை நிமிர்த்தினார், கத்தவில்லை.

"கைய வைக்காத, குன்வோர். யாராவது தொட்டா நான் போட்டியில இல்ல."

ஹையா ஹையா என்று கத்திக்கொண்டிருந்த கூட்டம் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தது. அப்பா ஒரு குச்சியை ஊன்றி எழும்பினார், வழுக்கி மறுபடி விழுந்தார். பின்னால் வந்தவர்களெல்லாம் தாண்டிப் போய்விட்டார்கள். என் கை சொன்ன பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது சுன்னிவா, மாவோடு மாவாக இரண்டையும் ஏப்ரனுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றேன். பெற்ற வலி கூட அப்படி இருந்ததில்லை. வாஃபிள் கருகுகிற வாடை வந்தது, திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு உந்து உந்தினார், எழுந்துவிட்டார். எல்லாருக்கும் கடைசியாகத்தான் எல்லையைத் தொட்டார். அப்புறம் மேசைக்கு வந்து அந்தக் கருகின வாஃபிளையே பாலாடைக்கட்டி வைத்துக் கேட்டு வாங்கித் தின்றார். பாதி தின்றுவிட்டுச் சொன்னார்.

"விழுந்தா எழுந்திரிக்க மாட்டாருன்னு பிள்ளைகிட்ட போன்ல சொன்னியே, அப்ப நான் தூங்கல."

நேற்றுக் காலை காலுறையைக் கட்டிலில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டேன். வெகுநேரம் ஆயிற்று, அப்பா தானே மாட்டிக்கொண்டுதான் சக்கர நாற்காலியை உருட்டி வந்தார், ஒன்று உள்வெளியாக. அந்த இல்லத்துப் பேச்சை இனி எடுக்க வேண்டாம் கண்ணே, ஈஸ்டருக்குச் சும்மா வா. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். வரும்போது தடித்த கம்பளிக் கையுறை கொண்டு வர மறக்காதே, அப்பாவுடையது கிழிந்துவிட்டது. நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருக்க என் ஆசீர்வாதம். இந்தக் கடிதத்தை அப்பா தானே சறுக்கிக்கொண்டு போய்ப் பெருவழித் தபால்பெட்டியில் போடுவாராம், சட்டைக்குள் வைத்துக்கொள்ளக் காத்திருக்கிறார். வாசலுக்கு வெளியே முழுக்க உறைபனி. நான் கூடப் போகப் போவதில்லை. உறை நனைந்து கசங்கியிருந்தால் வழியில் விழுந்தார் என்று தெரிந்துகொள், உன் கைக்கு வந்து சேர்ந்ததென்றால் எழுந்துவிட்டார் என்றும் தெரிந்துகொள்.

இப்படிக்கு,
கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உன் அம்மா,
குன்வோர்