ஆசீர்வாதம் கேட்ட நெற்றி

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கையை மனதால் எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டு எழுதுகிறேன். மூட்டுவலி தேவலையா?

கொரோனாவுக்காகப் பூட்டியிருந்த இங்குள்ள கொரியக் கோயிலை ஈஸ்டர் பூசைக்குத் திறந்தார்கள். வாசலில் காய்ச்சல் பார்த்துக்கொண்டிருந்த பேக் என்ற பெரியவரின் கையை, பெரியவர்களிடம் ஆசி வாங்கும் நம் செபுத் தீவு வழக்கப்படி நெற்றிக்கு இழுத்துவிட்டேன்.

"தொடாதடா, என்னைச் சாகடிக்க வந்தியா?" என்று குனிந்த நெற்றியிலேயே குடைக்காம்பால் ஒரு போடு போட்டார். நான் கீழே விழுந்தும் அவர் விடவில்லை, என் முகமெல்லாம் ரத்தம்.

"ஆசீர்வாதம்தானே கேட்டேன், ஐயா" என்றேன். அதற்கும் ஓர் உதை. பயப்படாதீர்கள், நாலு தையல்தான்.

துணி துவைக்க உங்களுக்கு ரப்பர் கையுறை அனுப்புகிறேன். அளவு தெரிய, உங்கள் கையைத் தாளில் வைத்து வரைந்து அனுப்புங்கள். ஆலைக்குப் போகும் ஷிப்டு வண்டி வந்துவிட்டது. நெற்றிக் காயம் ஆறுவதற்குள் அந்தக் கை வந்து சேர்ந்தால் நல்லது.

உங்கள் டாரியோ