தீபாவளிக் காலையில் சாம்பார்

அம்மாவுக்கு, கனகலட்சுமி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

தீபாவளிக்கு ஊருக்குப் போகாத பதினொரு மாணவிகளோடு ஓசூர் விடுதியிலேயே இருந்துவிட்டேன். கறி சமைத்தால் யாராவது அரசியலாக்குவார்கள் என்று பயந்து, இட்லிக்குச் சாம்பார் போதும் என்றேன்.

நம் பக்கத்து ராயகிரிப் பெண் முத்துமாரி சிரித்தாள். "சாம்பாருன்னா அது பரீட்சை நாளு சாப்பாடுல்லா டீச்சர்! தீவாளிக்கு எங்க வீட்டுல கறிக்கொழம்புல்லா ஊத்துவாக."

"ஏட்டி, இங்கன வார்டன் நீயா நானா?" என்று அதட்டிவிட்டேன். அவள் சாப்பிடாமலே எழுந்து போனாள். நம் வீட்டிலும் அன்று கறிதானே அம்மா? கேள்வி கேட்கத்தான் படித்தேன். பொறுப்பு வந்ததும் கேட்டவளை அடக்கிவிட்டேன்.

கறி மசாலாப் பொடி கொஞ்சம் திரித்து அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை நானே சமைக்கப் போகிறேன். கூப்பிட்டால் அவள் வருவாளா, தெரியவில்லை. மணி அடித்துவிட்டது, போகிறேன்.

கனகு