கைக்குப் பழகாத பிஸ்டல்

நேற்று மில் மேனேஜர் அந்தப் பிஸ்டலை மேசையில் வைத்துத் துணியைப் பிரித்தார். வழக்கு முடிந்து திரும்பி வந்திருக்கிறது. அதே எண்ணெய் வாசனை. கடைசி மூன்று மாதம் உன் சட்டையில் அடித்த வாசனை. "லைசென்ஸ்ல இனி ஒன் பேரச் சேத்துரலாமாப்பா?" என்றார், சைக்கிள் கொடுப்பதுபோல. முடியாது என்றேன். அப்படியானால் கணக்கை முடித்துக்கொண்டு வேலையை விட்டுப் போ என்றார்.

ஆறு வருடம் மில் வாசலில் காவலுக்கு நாம் மாற்றி மாற்றித் தூக்கியது இரட்டைக் குழல் துப்பாக்கி. மடக்கிப் பார்த்தால் குண்டு இருக்கிறதா இல்லையா என்று கண்ணுக்கே தெரியும். நமக்குத் தெரிந்த சோதனை அது ஒன்றுதான்.

மில் முதலாளி உன்னைப் பாதுகாப்புக்குத் தன் கூடவே வரச் சொன்னபோது நீ ரிவால்வர் கேட்டாய். உருளையைத் திறந்தால் குண்டு தெரியும், என் பழக்கத்துக்கு அதுதான் சரிப்படும் என்று எத்தனை முறை விளக்கினாய். அவர் உன் இடுப்பைப் பார்த்தார். "அம்புட்டுத் தடியா வச்சா சட்ட துருத்தும்டா. நாலு பேர் வீட்டுக்குப் போறோம்ல."

சட்டைக்குப் பொருத்தமான பிஸ்டல் வந்தது. பயிற்சி ஒரு காலைப்பொழுது, ஐந்து குண்டு. அவர் வீட்டு நாயைப் பழக்க ஒரு மாதம் ஆள் வந்தான்.

ஆத்தூர் டீக்கடையில் நீ சொன்னாய்: "மாப்ள, இத இடுப்புல சொருகுனா எவன் பயப்படுறானோ, எனக்குத்தான் மொதல்ல பயமா இருக்கு." ஏசி காரில் போகிறவனுக்கு என்னடா கவலை என்று கேலி செய்தேன். செய்திருக்கக் கூடாது.

அன்று மதியம் பிஸ்டலைத் துடைக்க உட்கார்ந்தாய். நான் எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். குண்டு அடுக்கிய மேகசினை உருவி வைத்துவிட்டுக் காலி என்று நினைத்தாய். ஒரு குண்டு ஏற்கெனவே குழலுக்குள் ஏறியிருந்தது. மேல்பாகத்தை இழுத்துப் பார்க்க உன் கை பழகியிருக்கவில்லை. விசையில் விரல் பட்டது. குண்டு உன் நெஞ்சிலேயே பாய்ந்தது.

மறுநாள் மில் ஆபீசில் டைப் அடித்த காகிதத்தை நீட்டினார்கள். 'பயிற்சி பெற்ற காவலர், தன் கவனக்குறைவால்.' வேலை போய்விடும் என்று பயந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். எல்லாப் பழியும் உன் தலையில் விழுந்தது.

நேற்று மில்லிலிருந்து நேராக ரெட்டியார்சத்திரம் போனேன். உன் மனைவி அப்போதுதான் பூப்பறித்துவிட்டு வந்திருந்தாள். எல்லாரும் சொல்வதைத்தான் கேட்டாள்: "அவுக கவனமில்லாமத்தான் போனாகளாண்ணே?"

"இல்லம்மா. பழக்காம குடுத்தாங்க. நான் பொய்யில கையெழுத்துப் போட்டேன்."

உள்ளே போனாள். உட்காரச் சொல்லவில்லை. உன் மகளின் நோட்டோடு திரும்பி வந்தாள்.

"சொன்னத எழுதிக் குடுங்க."

எழுதினேன். யாரிடம் வேண்டுமானாலும் கொடுக்கட்டும் என்று பெயரும் ஊரும் போட்டுக் கையெழுத்திட்டேன். உன் மகள் அதை எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசித்தாள். 'சரியான பயிற்சி கொடுக்கவில்லை' என்ற இடத்தில் நின்றாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் முதலிலிருந்து, இன்னும் சத்தமாக வாசித்தாள். வேலை இல்லாமல் பஸ் ஏறிய என்னுடன் அந்தக் குரல் மட்டும் கூடவே வருகிறது.