நீ பார்க்காத வடிவம்

இன்று காலை தோசைக் கரண்டி ஒரு கையிலும் ஃபோன் மறு கையிலுமாக மெயில் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் பெயர் வந்தது. 'படித்துப் பார்த்துச் சரி சொன்னவர்' என்ற இடத்தில் உன் முழுப்பெயர், பக்கத்திலேயே உன் மெயில் முகவரி. அனுப்பியது இன்று விடியற்காலை. தோசை கருகி வீடெல்லாம் புகை. நான் அசையவில்லை. உன்னைப் புதைத்துவிட்டு வந்து ஒரு கோடை முழுதாகப் போய்விட்டது. இன்று விடியற்காலை நீ எப்படிச் சரி சொல்ல முடியும்?

அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மூளை வேலை செய்தது. நம் மெயில் பட்டியலில் அந்தப் போலந்துக்காரர் மாற்றியெழுதிக்கொண்டே இருந்தாரே, அதே நிரல்தான். மூன்றாம் வடிவத்துக்கு நீ ஒப்புதல் தந்திருந்தாய். அவர் இப்போது ஆறாம் வடிவத்தை அனுப்பியிருக்கிறார். பழைய ஒப்புதலை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார். அவருக்கு என்ன தெரியும்? உலகத்தின் அந்த மூலைக்கு உன் சாவு போய்ச் சேரவில்லை.

உன்னை முதலில் தெரிந்ததும், ஒருவர் எழுதும் நிரலை மற்றவர்கள் படித்துத் திருத்தும் இதே மெயில் பட்டியலில்தான். கணினியில் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடும் கெர்னல். வைஃபைக்கும் கேமராவுக்கும் தனித்தனியாக எழுதி அதில் பிறகு கொண்டுபோய்ச் சேர்க்கும் மாட்யூல்கள். ஒவ்வொரு மாட்யூலும் தன் தரவுகள் என்ன வகை, எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற விவரத்தையும் கூடவே கொண்டுவரும். நம் இருவருக்கும் அந்த வகை விவரத்தோடுதான் பிழைப்பு. அதில் ஒரு எண் பிசகினாலும் கெர்னல் வேறெதையோ படித்துவிட்டு மொத்த இயந்திரத்தையும் சாய்த்துவிடும். நான் எழுதிய முதல் திருத்தத்தை நீ ஊர் பார்க்கக் கிழித்தாய். அழுகையே வந்துவிட்டது. அன்று மாலையே தனியாக ஒரு மெயில் போட்டாய்: "'டுமாரோ ஒன்லி'ன்னு எழுதியிருக்கீங்களே, தமிழா?"

நான் ஊர்க்கோடியில் ஆனேக்கல்லில் வாடகை வீட்டில், நீ ஊருக்குள் பிரேசர் டவுனில் பிறந்த வீட்டில். அமெரிக்காக்காரி என்று நினைத்து நான் பயந்த ஆள் ஒரே ஊரில் இருந்திருக்கிறாள்! முதல் ஞாயிற்றுக்கிழமையே சர்ச் முடிந்து பேக்கரிக்கு வரச் சொன்னாய். கடைக்காரரிடம் உருதுவும் ஆட்டோக்காரரிடம் கன்னடமும் பேசிவிட்டு என் பக்கம் திரும்பி, "என்னடி, மெயில்ல அவ்ளோ சண்டை போட்ட, நேர்ல வாயே திறக்க மாட்டேங்கற?" என்றாய். அந்த 'டி'க்குப் பிறகு நமக்குள் 'நீங்க' இல்லாமல் போயிற்று.

உனக்கும் உன் மேனேஜருக்கும் ஒருமுறை தகராறு வந்தது. ஒரு நிரலின் பழைய வடிவத்தைத்தான் நீ பார்த்திருந்தாய். உன் கம்பெனி ஆட்கள் பாதியை மாற்றிவிட்டு உன் பெயரை மட்டும் விட்டுவைத்தார்கள். "இது நான் பார்த்தது இல்லை, என் பெயரை எடுங்கள்" என்று எல்லோருக்கும் தெரிய எழுதினாய். கம்பெனிக்கே அவமானம் என்று அவர் குதித்தாராம். "என் பேர் என்ன, ஆட்டோ பின்னாடி ஒட்டற ஸ்டிக்கரா? பாத்தேன்னு சொன்னா பாத்திருக்கணும்டி" என்று பப்ஸைப் பிட்டுக்கொண்டே சொன்னாய். உதட்டில் ஒட்டிய தூளைக்கூடத் துடைக்கவில்லை, அவ்வளவு கோபம்.

நீ போனது, அந்த மூன்றாம் வடிவத்துக்குச் சரி சொன்ன அதே நாள்தான். நீ காலையில் மெயில் அனுப்பினாய். பிறகு என்னோடு வீடியோவில் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாய். சாப்பாட்டு நேரம் நெருங்கியிருந்தது. "இரு டி, தலை ஒரு மாதிரி இருக்கு, தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தாய். எழுந்து போனாய். திரையில் உன் நாற்காலி மெல்லச் சுழன்று நின்றது. ஏதோ விழுந்த சத்தம். ஸ்டூல் என்று நினைத்தேன்.

பிறகு உன் அம்மாவின் குரல். "ஏம்மா... ஏம்மா, எழுந்திரு. என்னம்மா பண்ணுது? ஐயோ ஏசப்பா!"

"ஆன்ட்டி! ஆன்ட்டி, கேக்குதா?" என்று கத்தினேன். என் குரல் உன் மேசையில் கிடந்த ஹெட்செட்டுக்குள் மட்டும்தான் கேட்டிருக்கும். அவர்கள் பேசுவதெல்லாம் எனக்குக் கேட்டது. நான் அவர்களுக்குக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து, "ஏனாயித்து ஆன்ட்டி?" என்று கன்னடத்தில் என்ன ஆயிற்று எனக் கேட்டார். நான் இன்னொரு ஃபோனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு உன் தெருவையும் வீட்டு அடையாளத்தையும் சொன்னேன். எதிர்முனையில் கன்னடத்தில் கேட்டார்கள். எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடமும் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. இருந்தும் வண்டி வந்தது. உன்னைத் தூக்கிக்கொண்டு போகும் காலடிச் சத்தத்தைக் கேட்டேன்.

நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது ஆன்ட்டி வராந்தாவில் உன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது, வரும்போதே உயிர் இல்லை என்றார்கள். உனக்கு நாற்பதுகூட ஆகவில்லை. காலையில் அடுத்தவர் நிரலில் ஒரு கமா இடம் மாறியதைக் கண்டுபிடித்த தலை அது. எனக்கு அழுகை வரவில்லை. "இல்ல, இப்பத்தான பேசிட்டு இருந்தா" என்று நர்ஸிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேனாம். பிறகு ஆன்ட்டிதான் சொன்னார்.

இன்று அலுவலகத்தில் அந்த ஆறாம் வடிவத்தைத் திறந்தேன். உன் பெயரை எடுக்கச் சொல்லி எழுத வேண்டும் என்று தெரியும். விரல் போகவில்லை. உலகத்தில் உன் பெயர் புதிதாக வருகிற இடம் இது ஒன்றுதான் மிச்சம். அதையும் நானே போய் அழிப்பதா? விட்டுவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை.

முதலில் படித்தேன், வரி வரியாக. நீ பார்த்த வடிவத்தில், மாட்யூல் கொண்டுவந்த விவரம் இந்தக் கெர்னலுக்காகவே செய்ததுதானா என்று முதலில் சரிபார்த்துவிட்டு, பிறகுதான் நிரல் அதைத் தொட்டது. ஆறாவதில் வேகத்துக்காக வரிசையை மாற்றியிருந்தார். சரிபார்க்கும் முன்பே நிரல் அதைப் படிக்கிறது. தவறான மாட்யூல் ஒன்று வந்தால் இயந்திரம் அங்கேயே விழும். இரண்டு பேர் கீழே பதில் எழுதியிருந்தார்கள்: அவரே பார்த்துவிட்டார் என்றால் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை.

அவர்கள் 'அவர்' என்றது உன்னை.

எழுதினேன். பிழை எங்கே என்று காட்டினேன். அவர் காலமாகிவிட்டார், இந்த வடிவத்தை அவர் பார்க்கவில்லை, தயவுசெய்து பெயரை நீக்குங்கள் என்று முடித்தேன். மதியத்துக்குள் போலந்திலிருந்து பதில் வந்தது. "எனக்குத் தெரியாது. அவர் சரி என்று எழுதிய நாளில் அதை என் மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவரிடம் எனக்கு அவ்வளவு பயம்." மாலையில் வரிசையைச் சரிசெய்து ஏழாம் வடிவத்தை அனுப்பினார். அதில் நீ இல்லை.

ஆன்ட்டியிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஃபோன் செய்தேன்.

"அவ பேர எடுத்துட்டியா?" என்றார்.

"ஆமா ஆன்ட்டி. அவ பாக்காததுக்கு அவ பேர் இருந்துச்சு."

அங்கே டிவியில் ஏதோ கன்னடச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

"அவ இருந்திருந்தா இதுக்குள்ள நாலு பேர்கிட்ட சண்டை போட்டிருப்பா" என்றார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. "நீ செஞ்சது சரிதான் கண்ணு. ஞாயித்துக்கிழமை வா. தனியா சாப்பிடப் பிடிக்கல."

வருகிறேன் என்றேன். அவர் வைக்கும்வரை ஃபோனைக் காதிலேயே வைத்திருந்தேன். உன்னோடு அன்று பேசிய அழைப்பை நான் துண்டிக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து விடிந்து வந்து லேப்டாப்பைப் பார்த்தபோதும் அந்தக் காலி நாற்காலிதான் திரையில் இருந்தது. அதுவாக அணையும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து யாருடைய அழைப்பையும் நான் முதலில் துண்டிப்பதில்லை. மீட்டிங் முடிந்து ஒவ்வொருவராகப் போன பிறகும் என் பெயர் மட்டும் திரையில் நிற்கும். ஆபீஸில் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். எதிர்ப்பக்கம் எல்லோரும் நல்லபடியாக எழுந்து போய்விட்டார்கள் என்று தெரிந்தால்தான் எனக்குக் கை நகர்கிறது.