சுண்டுவிரலைப் பிடித்து இழுப்பவள்

நடுமதியத்தில் மின்சாரம் போய்விட்டது. தையல் மெஷின் பாதி மடிப்பில் நின்றது. என் கை தானாகப் போய் விளக்கு சுவிட்சைத் தட்டிற்று. எரியவில்லை. உடனே உன் ஞாபகம். சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

கடையில் என்னோடு தைத்துக்கொண்டிருந்த நீதானே இந்தப் பழக்கத்தைத் தொற்றவைத்தாய். போனில் எவனோ பேசியதைக் கேட்டுவிட்டு வந்து, "சுவிட்சப் போட்டு வெளக்கு எரியலன்னா அது கனவுடி. கனவுன்னு தெரிஞ்சுட்டா அப்புறம் நம்ம ராஜ்ஜியம், பறக்கலாம்" என்றாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "அடி போடி, ரங்கூன்ல அப்படிப் பாத்தா நாள் முழுக்கக் கனவுதான்!" நீ ஊசியைப் பல்லில் கடித்தபடி யோசித்தாய். "அப்பச் சரி, மாத்திக்கலாம். போட்ட உடனே எரிஞ்சா கனவு."

அன்றிலிருந்து கரண்ட் இல்லாத மதியமெல்லாம் நமக்குக் கனவுப் பயிற்சிதான். கடைக்குப் பின்னால் பாய் விரித்து ஒருத்தி படுப்பாள், மற்றவள் காவல். உடம்பு தூங்க வேண்டும், புத்தி விழித்திருக்க வேண்டும். எனக்கு ஒருநாள் எல்லாம் ஏடாகூடமாகிவிட்டது. கண் திறந்திருக்கிறது. பக்கத்தில் நீ லபெத், அதான் அந்தப் புளிக்கவைத்த தேயிலையைப் பிசைந்து தின்பது தெரிகிறது. ஊரைச் சுற்றி ஓடும் வட்ட ரயில் போகும் சத்தமும் கேட்கிறது. கை கால் மட்டும் அசையவில்லை. நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்திருந்தார்கள். கத்தினேன், குரல் வரவில்லை. செத்தேன் என்றே நினைத்தேன்.

என் மூச்சைப் பார்த்தே நீ கண்டுகொண்டாய். சுண்டுவிரலைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தாய். நான் எழுந்து உட்கார்ந்து அழுதேன். "பேயுமில்ல, பிசாசுமில்ல. புத்தி எந்திரிச்சிருச்சு, ஒடம்பு இன்னும் எந்திரிக்கல, அவ்வளவுதான். சுண்டுவிரல மட்டும் ஆட்டு, மிச்சம் தானா வரும்" என்று சொல்லி, மீதித் தேயிலையை என் வாயில் திணித்தாய்.

காய்ச்சல் என்று படுத்த நீ எழுந்திருக்கவே இல்லை. அதற்குப் பிறகும் நான் தனியாகப் பாய் விரிக்கிறேன். பறக்கும் ஆசையெல்லாம் இல்லை. கனவு என்று தெரிந்தே ஒருமுறை உன்னோடு உட்கார்ந்து பேச வேண்டும். வருவதென்னவோ அந்த நெஞ்சுப் பாரம்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் அதை வீட்டில் சொல்லித் தொலைத்தேன்.

"அது அவதான்டி. ஆச தீராமப் போனவ, உன்ன அமுக்குறா" என்றாள் அம்மா. இரும்பு இருந்தால் அண்டாது என்று பாக்குவெட்டியை என் தலையணைக்கு அடியில் வைத்தாள். வெள்ளிக்கிழமை பூசாரி வந்து உன்னைக் கட்டி விரட்டப் போகிறாராம். சேதி உன் வீடுவரை போய்விட்டது. நேற்று சந்தையில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "எம்பொண்ணு உனக்குத் தொந்தரவு குடுக்குறாளாம்மா?"

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. அவளை அங்கேயே கட்டிக்கொண்டு, "யார் சொன்னது? அமுக்குறது அவ இல்லம்மா. அவளா இருந்தா வெரலப் பிடிச்சு இழுப்பா" என்றேன். உன் அம்மா நடுச்சந்தையில் ஓவென்று அழுதாள். நானும்தான்.

வீட்டுக்கு வந்து பாக்குவெட்டியை அம்மா கையில் கொடுத்தேன். "இந்தா, பாக்கு வெட்டி வெத்தல போடு. பூசாரி வந்தா டீ குடிச்சிட்டுப் போகட்டும். அவள விரட்ட இந்த வீட்ல யாருக்கும் உரிமையில்ல." அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை. பேசாமலே இருக்கட்டும்.

இதோ, பாயை விரித்துவிட்டேன். நெஞ்சில் ஏறுவது ஏறட்டும், பயந்து எழுந்து ஓடுகிறவள் நான் இல்லை. இப்போதெல்லாம் என் சுண்டுவிரலை நானே அசைத்துக்கொள்கிறேன். என்றைக்காவது ஒரு மதியம் சுவிட்சைப் போடுவேன், போட்ட உடனே விளக்கு எரியும். அப்போது நீ எதிரே உட்கார்ந்து ஊசியைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும், சொல்லிவிட்டேன்.