அப்பா பெயர்களை யாரும் விற்கவில்லை

ஜனவரி 20, 2025, திங்கள்

பஸ் காவிரிப் பாலத்தின் நடுவில் நெடுநேரம் நின்றது. ஆபீஸுக்குத் தாமதம். யாரும் கேட்கவில்லை.

எங்கள் மொபைல் கபடி விளையாட்டில் மாநில லீக்கின் ஆண்கள் அணிகள் மட்டும் இருந்தன. அடுத்த மாதம் பெண்கள் அணிகளும் வருகின்றன. வர்ணனை எழுதுவது என் வேலை. எம்.ஏ. முடித்துவிட்டு ‘அபாரமான ரெய்டு’ என்பதையே விதவிதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பெண்கள் அணியில் ஆடும் அனுசுயாவுக்கு மட்டும் வரிகள் கூடுதல். தோழி என்பதால் அல்ல.

சரி, தோழி என்பதால்தான்.

ஜனவரி 26, ஞாயிறு

அனு ஸ்ரீரங்கம் வந்தாள். அம்மா மண்டபம் படித்துறையில் உட்கார்ந்திருந்தோம். அவள் காலில் புதிய சிராய்ப்பு.

“என் பேரு எப்படிடி வரும்? முழுசா வருமா?”

“பி. அனுசுயா. தலைக்கு மேல. நீ ரெய்டு போறப்ப பெரிசா.”

அவள் அப்பா பிச்சை அரியமங்கலத்தில் லேத் பட்டறையில் வேலை செய்கிறார். மகள் ஆடி ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. இந்த சீசனோடு போதும் என்று சொல்லிவிட்டாராம். சத்தம் போடுகிறவர் இல்லை. சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார். அதனால்தான் அவரோடு சண்டை போடவும் முடிவதில்லை.

“நேர்ல வரமாட்டாரு. ஆனா போன் பாக்காத நேரமே கெடையாது. அதுல என் பேரக் காட்டுறேன். அதுக்கப்புறமும் வேண்டாம்னாருன்னா விட்டுடுறேன்.”

“விட்டுடுவியா?”

“சும்மா சொன்னேன்டி.”

ஜனவரி 30, வியாழன்

லீக் எல்லாவற்றையும் விற்றுவிட்டது. மும்பையில் ஒரு பெரிய கம்பெனிக்கு. ஐந்து வருடம் அவர்களுக்கு மட்டுமே உரிமை. ஆடுகிறவர்களின் பெயர், முகம், ஜெர்சி, எண், எதையும் வேறு எந்த வீடியோ கேமும் தொடக்கூடாது. எங்கள் சின்ன ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள்.

முதலாளி வேணுகோபால் சார் நின்றுகொண்டே மெயிலைப் படித்தார்.

“பெண்கள் அணியுமா சார்?”

“எல்லாமேதாம்மா.”

மும்பைக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பக்கம் ஒரு பெண், மிகவும் மரியாதையாகப் பேசினாள். பெண்கள் ஆட்டத்தை அவர்கள் செய்யப்போவதில்லை. அந்தப் பெயர்களை வைத்து நாங்களும் செய்யக் கூடாது.

ஒன்றைச் செய்யாமல் வைத்திருப்பதற்காக அதை வாங்குவார்களா?

அனுவிடம் இன்னும் சொல்லவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

முகம், ஜெர்சி, எண் மாற்றுவது எளிது. எல்லாப் பெயர்களையும் மாற்ற வேண்டும். எழுத்தை இங்கும் அங்கும் திருப்பிப் போட்டால் வக்கீல் பிடித்துவிடுவார். புத்தம் புதுப் பெயர் வைத்தால் ரசிகர்களுக்கு யார் என்றே தெரியாது.

நான் சொன்னேன்: இனிஷியலை விரித்துவிடலாம். அப்பா பெயர் முன்னால் வரட்டும், இவர்கள் பெயர் இனிஷியல் ஆகட்டும். பி. அனுசுயா, அ. பிச்சை ஆவாள். அரியமங்கலத்தில் அவளைப் பிச்சை மகள் என்றுதானே சொல்கிறார்கள். ஊர்க்காரர்களுக்குப் புரிந்துவிடும். லீக் விற்றது இவர்கள் பெயர்களை. அப்பா பெயர்களை யாரும் விற்கவில்லை.

சார் கைதட்டினார். உருவங்கள் செய்கிற ஸ்டீபன்ராஜ், “அக்கா, நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்” என்றான்.

சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

அனுவிடம் போனில் சொன்னேன். சிரித்தாள்.

“அப்ப ரெய்டு போறது எங்கப்பாவா?”

“நீதான்டி. உன் உடம்பு, நாங்க படம் புடிச்ச உன் ஆட்டம். பேரு மட்டும்தான்…”

“பேரு மட்டும்.”

பஸ் வந்துவிட்டது என்று வைத்துவிட்டாள். பின்னால் பஸ் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

வெளியிட்டோம். இரட்டைச் சடையை மடித்துக் கட்டிய பெண் கோட்டைத் தாண்டுகிறாள். தலைக்கு மேலே: அ. பிச்சை.

மாலைக்குள் கருத்துகள் குவிந்துவிட்டன. ‘பொம்பளைக்குப் பேரு பிச்சையா?’ ‘முருகையன் அக்கா வேற லெவல்.’ ‘கேம் பண்ணச் சொன்னா காமெடி பண்றானுங்க.’ எல்லாம் ஒற்றை நட்சத்திரம். ஸ்டீபன்ராஜ் சத்தமாகப் படித்துச் சிரித்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான்.

எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று? ஆண்களுக்குப் பொருந்துகிறது. பெண்களுக்கு அப்பா பெயர் பெயராக ஆகாது. இது தெரிய எம்.ஏ. வேண்டுமா?

பிப்ரவரி 24, திங்கள்

பெயர்களை மறுபடி மாற்றப்போகிறார்கள் என்று நினைத்துப் போனேன்.

“பேரு இருக்கட்டும். பேருக்கு ஏத்த மாதிரி உடம்ப மாத்திடலாம்” என்றார் சார்.

“சார், அப்ப பெண்கள் அணின்னு எதுக்கு?”

“கூடுதல் அணின்னு போட்டுக்கலாம். மும்பைக்காரனும் வாயத் தொறக்க முடியாது. ஐடியா உங்களோடதுதானேம்மா? பாதியில விட்டா எப்படி?”

“எலும்புக்கூடு ஒண்ணுதான்க்கா. அசைவெல்லாம் அப்படியே இருக்கும். மேல தோல மாத்தினா போதும்” என்றான் ஸ்டீபன்ராஜ். மத்தியானத்துக்குள் முடித்துவிட்டான். அ. பிச்சைக்கு மீசை வைத்தான். நன்றாகவே வந்திருந்தது.

நான் வர்ணனையில் ‘அவள்’ என்று இருந்த இடத்தில் எல்லாம் ‘அவர்’ என்று மாற்றினேன். சொன்னாங்க, செஞ்சேன். ஏன் செஞ்சேன்? எழுந்து போயிருக்கலாம்ல? பேசாம உக்காந்து ஒவ்வொரு வரியா மாத்திக்கிட்டிருந்தேனே —

பிப்ரவரி 25, செவ்வாய்

அனு அழைத்தாள். எடுக்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

சீசனின் கடைசி ஆட்டம். சமயபுரம் போகிற மஞ்சள் சேலைக் கூட்டத்தில் பஸ் ஊர்ந்தது. நான் மைதானத்துக்குள் நுழைந்தபோது இரண்டாம் பாதி. அனு மூன்று பேரைத் தொட்டுவிட்டு வந்தாள். அணி தோற்றது.

முழங்கால் உறையைக் கழற்றிக்கொண்டே பேசினாள். என்னைப் பார்க்கவில்லை.

“பட்டறையில சலாம் அண்ணன், எங்கப்பா போன்ல அந்த கேம ஏத்திக் குடுத்திருக்காரு. ‘உங்க பேர்ல ஒருத்தன் பொளந்து கட்டுறான் பாருங்க’ன்னு. வீட்ல அதே பேச்சுதான். வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டுறாரு.”

“அது நீன்னு சொல்லலையா?”

“சொன்னேன். மீசையக் காட்டி சிரிச்சாரு.”

அணிப் பெண்கள் வேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள். யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.

“நான் வேணா வந்து சொல்றேன் அனு.”

“என்னன்னு சொல்லுவ?”

ஏப்ரல் 6, ஞாயிறு

அரியமங்கலம் போனேன்.

அனு இப்போது சின்னக்கடை வீதியில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிறாள். அடுத்த சீசனுக்குப் பெயர் கொடுக்கவில்லை. அப்பா தடுத்தாரா என்று வாசலிலேயே கேட்டேன். “அவரு ஒண்ணுமே சொல்லலடி. நாந்தான் ஆடட்டுமான்னு கேக்கல” என்றாள்.

பிச்சை அப்பா எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். “வாம்மா, உக்காரு. அனு, டீ போடு.” கையில் போன். “உங்க ஆபீஸ்ல பண்ணினதாமே? என் பேர எப்படிம்மா புடிச்சீங்க?”

சொல்லிவிட்டேன்.

“அப்பா, அது அனுதாம்ப்பா. அவ ஆடுறதத்தான் படம் புடிச்சோம். கால் வைக்கிறது, திரும்புறது, எல்லாமே அவதான்.”

போனைப் பார்த்தார். அடுப்படியைப் பார்த்தார்.

“மீசை?”

“நாங்க வச்சது.”

கொஞ்ச நேரம் கட்டைவிரலால் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை. வேறு ஏதோ. பிறகு என்னைச் சமாதானப்படுத்துகிறவர் போலச் சொன்னார்: “சரி விடும்மா. பேரு என்னோடதுதானே.”

ஆட ஆரம்பித்தார். உள்ளே போன வேகத்தில் பிடித்துவிட்டார்கள். மறுபடியும். மறுபடியும்.

அனு டீயை எனக்குக் கொடுத்தாள். அவருடையதைத் தரையில் வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அவசரப்படாதீங்கப்பா. கோட்டுக்கிட்டயே நில்லுங்க. அவன் வரட்டும். தொட்டதும் திரும்பிடணும். இந்தா, இங்க அமுக்குங்க.”

“இங்கயா?”

“ம்.”

அவர் மறுபடி கோட்டைத் தாண்டினார். அனு மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள்.